பெயருக்குச் சாட்சி யார்?

தமிழில் "நாணயம்" என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மையும் நாணயம். "அவர் நாணயமானவர்" என்று ஊரார் சொல்லிவிட்டால் பத்திரமின்றியே அவருக்குக் கடன் கிடைக்கும். பஞ்சாயத்தில் அவர் சொல் எடுபடும். "அவரிடம் நாணயம் இல்லை" என்று பேச்சு கிளம்பிவிட்டாலோ, மடியில் எத்தனை காசு இருந்தாலும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். ஒருவரைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள எண்ணமும் பணத்தைப் போலவே செலாவணியாகும் என்பதை நம் மொழி என்றோ கண்டுகொண்டது.

கணிப்பொறி உலகம் இந்தப் பழைய எண்ணத்தை இன்று புதிய உடையில் கொண்டுவருகிறது. பிளாக்செயின் என்னும் கணக்கு முறையில் யாருடைய கையொப்பத்தை ஏற்பது என்பதை அவரவர் நற்பெயரைக் கொண்டே முடிவு செய்யலாம் என்கிறார்கள். அந்த நற்பெயரை அளந்து மதிப்பெண் இடும் வேலையை, வலையமைப்புக்குள்ளேயே பொருத்தப்பட்ட செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாம் என்றும் கூறுகிறார்கள். இது தொழில்நுட்பம் அறிந்தோர் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்கிவிட இயலாது. தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் பிளாக்செயினுக்கு ஒரு கொள்கையையும் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு கொள்கையையும் வெளியிட்டது. அரசின் மின்னாளுமை முகமை பின்னர் உருவாக்கிய பிளாக்செயின் கட்டமைப்புக்கு "நம்பிக்கை இணையம்" என்றே பெயர். குடிமக்களின் சான்றிதழ்களைக் கைப்பேசியில் காக்கும் "இ-பெட்டகம்" அதனைச் சார்ந்து வந்தது. நம்பிக்கையையே பெயராகச் சூட்டிக்கொண்ட பொறி நம் வாசலுக்கு வந்துவிட்ட பிறகு, நாம் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒருவரின் பெயரை நம்பி முடிவெடுப்பது எந்த அளவுக்கு அறமாகும்? அந்தப் பெயருக்குச் சாட்சி யார்?

பக்கம் எழுதுபவர்

பிளாக்செயின் என்பது, எளிதாகச் சொன்னால், பலர் கையில் ஒரே நேரத்தில் இருக்கும் கணக்குப் புத்தகம். ஒரு சங்கத்தின் கணக்கேடு செயலாளரின் பெட்டியில் மட்டும் இருந்தால், அவர் ஒரு தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டிவிடலாம். அதே ஏட்டின் படி ஆயிரம் பேரிடம் இருந்து, ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் கைரேகை போன்றதோர் அடையாளமும் பதிந்திருந்தால், எங்கோ ஓர் எண்ணை மாற்றினாலும் அது உடனே காட்டிக் கொடுத்துவிடும். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பிட்காயின் பிறந்தது. 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. இந்த ஏட்டு முறைக்கு அதுவே முதல் பெரும் எடுத்துக்காட்டு.

ஏடு பலரிடம் இருக்கட்டும். அதில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? இதற்கு மூன்று விடைகள் எழுந்தன. பிட்காயினில், கடினமான கணிதப் புதிர் ஒன்றை முதலில் விடுவிக்கும் கணிப்பொறிக்கு அந்த உரிமை. அதற்காக ஏராளமான மின்சாரம் எரிகிறது. ஈத்தரியம் என்னும் வலையமைப்பும் முதலில் அவ்வழியிலேயே சென்றது. 2022 செப்டம்பர் 15 அன்று அது முறையை மாற்றிக்கொண்டது. எழுத விரும்புவோர் 32 ஈத்தரைப் பிணையாகக் கட்ட வேண்டும். பொய் எழுதினால் பிணையில் ஒரு பகுதி பறிபோகும். இந்த மாற்றத்தால் அவ்வலையமைப்பின் மின்செலவு நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைந்தது. மூன்றாவது விடையே நம் பொருள். அதில் புதிரும் இல்லை, பணப்பிணையும் இல்லை. எழுதுபவர் தம் சொந்த அடையாளத்தை வெளிப்படுத்தித் தம் நற்பெயரையே பிணையாக வைக்கிறார். ஒழுங்காக எழுத எழுதப் பெயர் உயரும், தவறினால் சரியும்.

இம்மூன்றாவது முறை மனித இயல்புக்கு மிக நெருங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. இதனோடு செயற்கை நுண்ணறிவைச் சேர்க்க விரும்புவோர் சொல்லும் காரணமும் எளிதில் விளங்குகிறது. ஆயிரக்கணக்கான எழுத்தர்களை மனிதர் கண்காணிக்க முடியாது. யார் நேரத்துக்கு வருகிறார், யார் பிறரோடு கூட்டுச் சேர்ந்து வாக்களிக்கிறார், யாருடைய போக்கு திடீரென மாறுகிறது என்பவற்றை இயந்திரம் இமைப்பொழுதில் கண்டு மதிப்பெண்ணை ஏற்றி இறக்கிவிடும். அதற்குப் பகையும் இல்லை, பாசமும் இல்லை என்கிறார்கள்.

கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெயரை நம்புவது என்பது கணிப்பொறிக்கு வெளியே, உயிருள்ள மனிதரிடையே எப்படி நடக்கிறது, எங்கே முறிகிறது என்று பார்த்த பிறகே இதை எடைபோட முடியும். அதற்கு நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

கருணாபுரம்

கள்ளக்குறிச்சி நகரின் ஒரு பகுதி கருணாபுரம். அன்றாடக் கூலி வேலையை நம்பி வாழ்வோர் நிறைந்த இடம். காவல் நிலையமும் நீதிமன்றமும் நடந்து போகும் தொலைவில் உள்ளன. மேற்கே கல்வராயன் மலை. அங்கிருந்து இறங்கும் கள்ளச்சாராயம் அந்தப் பக்கத்தில் நெடுங்காலமாகப் பேர்போனது. 2024 ஜூன் 18 அன்று அப்பகுதியில் பொட்டலச் சாராயம் வாங்கிக் குடித்தவர்கள், அன்றிரவும் மறுநாளும் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று துடித்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகள் நிரம்பின. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன.

அந்தப் பொட்டலங்களில் இருந்தது மெத்தனால். இது காய்ச்சி இறக்கும் சரக்கன்று. சாயம், மருந்து, பிசின் முதலிய தொழில்களுக்குப் பயன்படும் வேதிப்பொருள். நாவுக்கும் மூக்குக்கும் சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிய இயலாது. குடித்த உடனே பெரிய வேறுபாடும் தெரியாது. கல்லீரல் அதனை மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான், பல மணி நேரம் கழித்து, கண்ணின் நரம்பும் உயிரும் தாக்குண்ணும்.

"ஆராயாமல் குடித்தார்கள், அழிந்தார்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமன்று. அவர்களும் ஆராய்ந்தார்கள், தம் கையில் இருந்த ஒரே கருவியைக் கொண்டு ஆராய்ந்தார்கள். விற்பவர் தெரிந்தவர். நேற்றும் வாங்கினோம், ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேதான் வாங்குகிறார். நற்பெயரைக் கொண்டு சரிபார்ப்பது என்று அறிஞர்கள் இன்று சொல்வது இதைத்தானே? ஆய்வுக்கூடம் இல்லாதவர்களுக்கு அக்கம்பக்கத்தாரின் அனுபவமே ஆய்வுக்கூடம். கருணாபுரத்து மக்கள் அந்த முறையைப் பிழையின்றிக் கையாண்டார்கள். முறைதான் அவர்களைக் கைவிட்டது.

இன்னொரு பெயரும் அன்று பொய்த்தது. இறப்புகள் தொடங்கிய வேளையில், அவற்றுக்குக் கள்ளச்சாராயமே காரணம் என்பதை மாவட்ட நிர்வாகம் முதலில் ஏற்கவில்லை. சாராய வியாபாரியின் சொல்லைவிட அரசின் சொல்லுக்கு எடை அதிகம். முதலில் இறந்தவர்களின் சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்து மாண்டதாகச் செய்திகள் வந்தன. எச்சரிக்க வேண்டிய வாய் தயங்கிய அந்தச் சில மணி நேரத்தின் விலை என்னவென்று எவரும் இனிக் கணக்கிட முடியாது.

நேற்றின் பெயரும் இன்றின் பொட்டலமும்

இந்தத் துயரத்திலிருந்து மூன்று உண்மைகள் தெரிகின்றன. மூன்றும் கணிப்பொறி வலையமைப்புக்கும் பொருந்துபவை.

முதலாவது, நற்பெயர் எப்போதும் பின்னோக்கியே பார்க்கும். நூறு முறை நல்ல சரக்கு தந்தவர் என்பது அந்த நூறு பொட்டலங்களுக்கு மட்டுமே சாட்சி. நூற்றோராவது பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தீமையின் விளைவு தாமதமாக வெளிப்படுமானால், பெயர் கெடுவதற்குள் ஊரே குடித்து முடித்திருக்கும். 2022 மார்ச் 23 அன்று ரோனின் என்னும் பிளாக்செயின் வலையமைப்பில் நடந்த திருட்டு இதற்குச் சான்று. அங்கே அறியப்பட்ட ஒன்பது சரிபார்ப்போர் இருந்தனர்; ஐவர் ஒப்பினால் பணம் நகரும். ஒன்பதில் நான்கு திறவுகோல்கள் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. ஐந்தாவது ஒப்புக்கான அனுமதியும், முன்பொரு நெருக்கடியில் வசதிக்காக அதே நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்படாமல் கிடந்தது. கொள்ளையர் அந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஐந்து கையொப்பங்களையும் பெற்றனர். 60 கோடி டாலருக்கு மேல் பறிபோனது. ஏட்டைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படியே நடந்தது: ஐந்து நல்ல பெயர்கள் ஒப்பியிருந்தன. ஆறு நாள் கழித்து, ஒருவர் தம் பணத்தை எடுக்க முயன்று முடியாமற்போன பிறகே களவு தெரிந்தது.

இரண்டாவது, ஏடு தன்னுள் எழுதப்பட்டதைக் காக்கும். எழுதப்பட்டது மெய்யா என்று அறியாது. மெத்தனாலை வாங்கவும் விற்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டின் விதிகள் அதற்கென்றே உள்ளன. தாளில் இருந்த அந்தக் கணக்கைக் கிழிக்கவியலாத பிளாக்செயினில் ஏற்றியிருந்தாலும், பதிவேட்டில் "தொழிற்சாலைக்கு" என்று எழுதிவிட்டுச் சந்துக்குள் இறக்கப்படும் பீப்பாயை அது கண்டிருக்காது. யாராவது ஒருவர் நேரில் சென்று, மூடியைத் திறந்து, பொருளைச் சோதித்துச் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவரின் நேர்மையில்தான் முழு ஏட்டின் நேர்மையும் தொங்குகிறது.

மூன்றாவது உண்மையே எல்லாவற்றிலும் கனமானது. நம்பிக்கை பொய்த்தபோது இழப்பு யாருடையது? கருணாபுரத்தில் நம்பப்பட்டவர்கள் அல்லர், நம்பியவர்களே உயிரைக் கொடுத்தார்கள். விற்றவர்கள் கைதானார்கள், மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், அதே ஜூன் மாத இறுதியில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை ஆயுள்வரை கடுமையாக்கப்பட்டது, நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. இவையெல்லாம் பின்னர் வந்தவை. பிணை முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கவில்லை. இவ்விடத்தில் கணிப்பொறி வல்லுநர்களிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு என்பதை நேர்மையுடன் ஒப்ப வேண்டும். சாட்சி சொல்ல வருபவர் தாம் இழக்கக்கூடிய ஒன்றை முதலிலேயே மேசைமேல் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. பிணையில்லாச் சாட்சி மலிவானது. மலிவான சாட்சி எளியவர்களுக்குத்தான் ஆபத்தானது.

உத்திரமேரூர்க் குடம்

நற்பெயரை வைத்து ஆளைத் தெரிந்தெடுக்கும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919இல் ஒரு விதி வகுத்து, அது போதாதென்று 921இல் திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், கல்வி வேண்டும், நல்வழியில் ஈட்டிய பொருளும் தூய நடத்தையும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவரும் கூடாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை.

இவ்வளவு சல்லடை போட்ட பிறகும் அவர்கள் நற்பெயரை மட்டும் நம்பிவிடவில்லை என்பதே வியப்பு. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவனை அழைத்து எடுக்கச் செய்தார்கள். அந்த ஓலையை வாங்கும் நடுவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பதுகூட விதி. வேறோர் ஓலையைக் கையில் மறைத்து வைத்திருக்கவில்லை என்று ஊரார் காண்பதற்கு. நற்பெயர் வாயிலைத் திறந்துவிடும். உள்ளே செல்பவரைக் குலுக்கல் முடிவு செய்யும். வெளியேறும்போது கணக்கு அவரைச் சோதிக்கும். எவ்வளவு நல்லவராயினும் மூன்றாண்டுகள் ஒதுங்கி நிற்பார். பெயர் எவ்வளவு பெரிதாயினும் அது அதிகாரமாக உறைந்துவிடக் கூடாது என்று அவர்கள் அஞ்சினார்கள். ரோனின் வலையமைப்பில் திரும்பப் பெறப்படாமல் கிடந்த அந்த அனுமதியை நினைத்தால் இந்த அச்சத்தின் அருமை புரியும்.

ஆனால் அதே கல்வெட்டு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. அது வேதியர் ஊரின் சபை. நிலம் உள்ளவர், வேதம் கற்றவர் என்ற வேலிக்கு வெளியே நின்ற உழுகுடியின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. அவர் நடத்தை எத்துணைத் தூயதாயினும் அதை அளக்க அந்தச் சபையில் கோல் இல்லை. வேலிக்குள் நீதி மிகுந்தும் வேலியே அநீதியாய் இருக்கக்கூடும். நற்பெயரை எடைபோடும் எந்த முறையிலும் நாம் கேட்க வேண்டியது, யாருடைய பெயர் உயர்ந்தது என்பதோடு, யாருடைய பெயர் எடைத்தட்டுக்கே வரவில்லை என்பதுந்தான்.

நம் பங்குகளில் திருமண ஓலை வாசிக்கும் வழக்கம் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம் நடைபெற இருக்கிறது. தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்று ஞாயிறு வழிபாட்டில் அறிவிக்கிறோம். தடையை அறிந்தவர் எவரோ, அவர் திருமணத்துக்கு முன்பே சொல்லக் கடமைப்பட்டவர் என்பது திருச்சபைச் சட்டம். கூலித் தொழிலாளியும் கைம்பெண்ணும் எழுந்து பேசலாம். ஆனால் சொல்பவர் முகமூடி அணிந்து சொல்ல முடியாது, பங்குத்தந்தை விசாரிப்பார், சொல்லப்பட்டவரும் தம் பக்கத்தைச் சொல்வார். பலரும் காணும் ஏடு, எவரும் மறுக்கும் உரிமை, மறுப்பவருக்குப் பொறுப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

அழியாத ஏடு

ஏடு அழியாதது என்பதே பிளாக்செயினின் பெருமை. நிலப்பத்திரமும் பணக்கணக்கும் அழியாதிருப்பது நன்று. மனிதரின் பெயர் குறித்த தீர்ப்பு அழியாமற் போனால் என்ன ஆகும்? இதற்கும் நம் மண்ணிலேயே கசப்பான விடை உண்டு.

ஆங்கில அரசு 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்திலும் புகுந்தது. தனி மனிதர் செய்த குற்றத்துக்காக அல்லாமல், பிறந்த குலத்துக்காக ஒருவர் பெயர் ஏட்டில் ஏறியது. கைரேகை பதிவு செய்யப்பட்டது. இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்லச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், ரேகை பதிக்க மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். "ரோசாப்பூ துரை" என்று அவர்கள் அன்போடு அழைத்த பெயர் இன்றும் வழங்குகிறது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் போனது, பெயர் உடனே போகவில்லை.

அந்தக் காலத்து அதிகாரி ஏட்டைப் பார்த்துச் செய்ததை இன்றைய இயந்திரம் செய்யாது என்பதற்கு என்ன உறுதி? செயற்கை நுண்ணறிவு கடந்த காலப் பதிவுகளிலிருந்தே கற்கிறது. பதிவில் சாய்வு இருந்தால் அதன் தீர்ப்பிலும் சாய்வு இருக்கும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர் யார் என்று மதிப்பெண் இட்ட கணிப்பொறி முறை, அந்நாட்டுக் குடியுரிமை இல்லாமையையும் ஐயத்துக்குரிய அறிகுறியாக எடுத்துக்கொண்டது. குற்றமற்ற பெற்றோர் பல்லாயிரவர் வாங்கிய தொகையை எல்லாம் திருப்பிக் கட்டப் பணிக்கப்பட்டு, வேலையையும் வீட்டையும் இழந்தனர். ஏன் தங்கள் பெயர் கெட்டது என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. பகையும் பாசமும் அற்றது என்று புகழப்பட்ட இயந்திரத்துக்கு வெட்கமும் இல்லை என்பது அப்போது தெரிந்தது. தவறாகத் தீர்ப்பிட்ட மனிதர் இரவில் உறங்காமல் புரளக்கூடும். மதிப்பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கருணாபுரத்துக்கும் இத்தகைய மதிப்பெண் ஒன்று இடப்பட்டது. அதற்கு இயந்திரம் தேவைப்படவில்லை. இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தபோது, குடித்துச் செத்தவர்களுக்கு ஏன் இவ்வளவு என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது, உயர்நீதிமன்றம்வரை சென்றது. அரசுப் பணம் எங்கே செல்லலாம் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் நஞ்சு விற்றவரைக் குறித்தும் அதைத் தடுக்கத் தவறிய காவலைக் குறித்தும் எழுந்திருக்க வேண்டிய சினம், "குடிகாரர்" என்ற ஒரே சொல்லின் வழியே மாண்டவர்கள்மீது திரும்பியதை என்னென்பது? 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இதேபோல் மெத்தனாலுக்கு இரையாகி ஓராண்டுதான் கடந்திருந்தது. அந்த ஓராண்டில் விழித்திருக்க வேண்டியவர்களின் பெயருக்கு யாரும் மதிப்பெண் இடவில்லை.

பதில் சொல்பவர்

அப்படியானால் நற்பெயரை நம்பவே கூடாதா? அதுவும் இயலாது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்பது திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் காட்டும் வழி. மருத்துவரையும் ஆசிரியரையும் பேருந்து ஓட்டுநரையும் பெயரை நம்பித்தான் நாள்தோறும் அணுகுகிறோம். எல்லாவற்றையும் நாமே சோதித்துப் பார்ப்பதாயிருந்தால் ஒரு வேளை உணவுகூட உண்ண முடியாது. நம்பிக்கையின்றிச் சமூகம் இல்லை.

வேறுபாடு ஓரிடத்தில்தான் இருக்கிறது. நற்பெயர் சாட்சியாக இருக்கலாம், நீதிபதியாக இருக்கக்கூடாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், பொய்யென்று கண்டால் தள்ளலாம், சாட்சியையே தண்டிக்கலாம். மதிப்பெண் தானே தீர்ப்பாகி, அதை இட்டது யாரென்றே தெரியாதபோது, விசாரணைக்கு இடமின்றிப் போகிறது. 2024 ஜூன் 14 அன்று, கருணாபுரத் துயரத்துக்கு நான்கு நாள் முன்னர், இத்தாலியில் நடந்த ஜி-7 மாநாட்டில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் செயற்கை நுண்ணறிவு குறித்து உரையாற்றினார். மனிதரைப் பற்றிய முடிவை மனிதரிடமிருந்து பறித்து இயந்திரத்திடம் கொடுத்துவிடக் கூடாது என்பதே அவ்வுரையின் உயிர்நாடி. தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுக் கொள்கையும், பொதுமக்கள்மீது பயன்படுத்தும் முன் செயற்கை நுண்ணறிவையே மதிப்பிட "டீப்-மேக்ஸ்" என்னும் மதிப்பெண் அட்டை ஒன்றை வகுத்தது. மதிப்பெண் இடுபவருக்கும் மதிப்பெண் உண்டு என்ற எண்ணம் போற்றத்தக்கது. அது தாளில் நின்றுவிடாமல் காப்பது குடிமக்களின் கடமை.

ஆகவே நற்பெயரையும் இயந்திரத்தையும் நம்பச் சொல்லி எவர் வந்தாலும் நாம் நான்கு கேள்விகள் கேட்கலாம். பொட்டலத்தைத் திறந்து பார்த்தவர் யார்? அவர் சொன்னது பொய்யானால் அவர் இழப்பது என்ன? பெயர் கெட்டவர் தம் பக்கத்தைச் சொல்ல எங்கே போக வேண்டும்? எந்த ஏட்டிலும் பெயரில்லாதவரை இந்த முறை எப்படி நடத்தும்? நான்குக்கும் விடை இருந்தால் அந்தப் பொறி நமக்குத் துணை. ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில், அதன் பெயரில் நம்பிக்கை என்ற சொல் இருப்பது போதாது.

கருணாபுரத்தில் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. அவர்கள் படித்து முடிப்பார்கள். அவர்களுடைய சான்றிதழ்களும் மின்பெட்டகத்தில் வந்து சேரும். வேலைக்கும் கடனுக்கும் அவர்கள் விண்ணப்பிக்கும் நாளில், முகவரி வரியில் கருணாபுரம் என்று இருக்கும். அந்த ஊர்ப் பெயரை ஓர் இயந்திரம் எப்படிப் படிக்கும், அதன் பக்கத்தில் என்ன எண்ணை எழுதும் என்பது இன்று எழுதப்படும் விதிகளில் முடிவாகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் "ஏன் எனக்கு இந்த எண்?" என்று கேட்டால், எழுந்து நின்று பதில் சொல்ல ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும்.